மஞ்சள் பொட்டு

“ரெண்டு நாளா அசையவே இல்லீங்க. செத்துட்டா போல.”

“மகாராணியாச்சே, ஓய்வெடுக்கிறாளோ என்னவோ,” என்றான், சாப்பாட்டுப் பையோடு ஆய்வகத்துக்கு வந்த கணவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ராணி எறும்பின் முதுகில் அவள் வைத்த மஞ்சள் பொட்டைப் பின்தொடர்ந்துதான் கேமராவும் கணினியும் ஐந்து மாதமாக அதன் நடமாட்டத்தைப் பதிவு செய்தன. ராணி போனால் ஆராய்ச்சியும் போச்சு. திரையில் தெரிவது பொட்டு மட்டும்தான்; அது ஒரு மூலையிலேயே கிடந்தது.

“எறும்புப் பெட்டியத் திறந்து பார்த்தியா?”

“திறந்தா எல்லாம் மிரண்டு ஓடும். பதிவு கெட்டுடும்.”

“செத்தவளுக்கு என்ன பதிவு? திற.”

மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். மூலையில் எறும்புகள் சேர்த்த குப்பைக் குவியல். அதன் மேல் உதிர்ந்த மஞ்சள் பெயிண்ட் துணுக்கு.

“அப்போ நடுவுல குண்டா ஒண்ணு நடக்குதே, அது யாரு?” என்றான் கணவன், எட்ட நின்றபடி.

ராணியேதான். வேலைக்கார எறும்புகள் அவள் முதுகை நக்கிச் சுத்தம் செய்து, பொட்டைக் குப்பையில் போட்டிருந்தன. கணினி இரண்டு நாளாகக் குப்பையைத்தான் கண்காணித்திருக்கிறது!

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே மஞ்சள் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்தாள். கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறும் கணவனிடம் அதை நீட்டினாள்.

“நீங்களே ஒரு பொட்டு வச்சு விடுறீங்களா?”