வெளிச்சம் போறதுக்குள்ள

"முதல் ஷாட்லயே பார்க்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும்டா," என்றான் கல்லூரிப் படத்தின் டைரக்டர்.

மொட்டைமாடியில் வாக்குவாதம் உச்சத்தில் இருந்தது.

"பிணத்துல ஆரம்பிக்கலாம்!" என்று கத்தினான் கேமராமேன்.

"அரைச்ச மாவையே அரைக்காதே!"

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கடா, கை மரத்துப்போச்சு," என்று கெஞ்சினான் ஹீரோ.

"நடிக்க வந்தவனுக்குப் பொறுமை வேணும். துரத்தல் சீன் வைக்கலாமா?"

"வேணாம். முதல்ல யோசிச்சதையே எடுத்துடலாம், வெளிச்சம் போயிடும்."

டைரக்டர் அரைமனதாகத் தலையாட்டினான். "சரி, ஆக்‌ஷன்!"

மாடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டிருந்த ஹீரோவின் விரல்களை விளிம்பில் காணோம். இவர்கள் போட்ட கூச்சலில் அவன் அலறியது கேட்கவே இல்லை.

டைரக்டர் கீழே எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியது. பிறகு மெல்லக் கேமராமேனின் தோளைத் தொட்டான்.

"உன் ஐடியாதான்டா சரி. வெளிச்சம் போறதுக்குள்ள கேமராவைத் தூக்கிட்டுக் கீழ வா."