மெத்தைத் திருடன்

"தெருவுல மணி அடிக்க மாட்டாங்க மேடம்! நடுவர் நடுவுல புகுந்து 'போதும், விடுப்பா'ன்னு சொல்ல மாட்டார்!"

மாஸ்டர் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்தினார். அவருடைய மாணவர்கள் எட்டுப் பேரும் தட்டினார்கள். மாஸ்டரின் கறுப்புக் கால்சட்டையில் பதினோரு பைகள், கழுத்தில் விசில். 'நிஜ உலகத் தற்காப்பு' என்று வகுப்பு நடத்தினாலும், நிஜ உலகத்தில் அவர் போட்ட ஒரே சண்டை வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. அதையும் "சாரி சார்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

"என் பொண்ணுங்க தினமும் நிஜமா குத்து வாங்குறாங்க மாஸ்டர். உங்க ஆளுங்க காத்துல கண்ணைக் குத்திட்டு வீட்டுக்குப் போறாங்க" என்றார் குத்துச்சண்டை கோச். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு சிறுமிகள் கையில் துணிப்பட்டை சுற்றியபடி சுவரோரம் நின்றார்கள். போட்டிக்கு இன்னும் இரண்டே மாதம்.

ஹால் மேலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "மாஸ்டர் இதுவரைக்கும் வகுப்பு நடத்தின கிடங்கு ஒழுகுது. இருக்கிறது ஒரு ஹால், சாயங்காலம் ஒரு வகுப்பு. கோச் அடிச்சும் திருடன் ரெண்டு நிமிஷம் விழாம நின்னா ஹால் மாஸ்டருக்கு. விழுந்தா கோச்சுக்கே. சீக்கிரம் ஆரம்பிங்க, நான் பூட்டணும்."

திருடன் என்று அவர் சொன்னது மூலையில் நின்ற மெத்தையை. உள்ளே ஒரு மனிதர் இருந்தார். பஞ்சு திணித்த உடை, வாளி மாதிரித் தலைக்கவசம், கண்ணுக்கு மட்டும் கம்பிவலை. மூன்று வருடமாக மாஸ்டரிடம் இதுதான் வேலை. திங்கட்கிழமை திருடன், புதன்கிழமை குடிகாரன், வெள்ளிக்கிழமை கடத்தல்காரன். எல்லாக் கிழமையும் உதை. வீட்டில் மட்டும் 'பாதுகாப்பு ஆலோசகர்' என்று சொல்லி வைத்திருந்தார். நாற்பத்து மூன்று வயதில் 'மெத்தை மாட்டிக்கிட்டு அடி வாங்குறேன்' என்று எந்த வாயால் சொல்வது?

மாஸ்டர் வலைக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டே நிமிஷம் நில்லுய்யா. அதோ பார்."

நாற்காலியில் இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை. முதுகில் மஞ்சள் எழுத்தில் 'உதவி மாஸ்டர்'.

"இன்னிக்கே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். விழுந்தியோ, நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே."

அதைப் போட்டுக்கொண்டால் வீட்டில் சொன்ன பொய் முக்கால்வாசி உண்மையாகிவிடும். திருடன் சட்டையைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் பார்த்தார். கடைசியில் நின்ற வாண்டு பயத்தில் துணிப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கையுறை கிடையாது!" என்று மாஸ்டர் அறிவித்தார். "கடைக்குப் போற மாதிரி வாங்க. கைப்பை, செருப்பு, சங்கிலி எல்லாம் இருக்கட்டும். டிரெஸ் மாத்திட்டு வர்ற வரைக்கும் திருடன் காத்திருக்க மாட்டான்." பிறகு விசிலை ஊதினார்.

"தெருவுல விசில் மட்டும் அடிப்பாங்களா?" என்றாள் ஒரு சிறுமி.

கோச் கைப்பையை ஆட்டியபடி நடந்தார். திருடன் பதுங்கிப் பின்னால் வந்தார். ஒரு விரலால் சங்கிலியைச் சட்டைக் காலருக்குள் தள்ளிவிட்டு, கழுத்தை வளைத்துப் பிடித்தார். நல்ல பிடி. கோச் ஒரு கணம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா! ரிங் வித்தை தெருவுல செல்லாது!" மாஸ்டர் துள்ளினார். "ஒரு நிமிஷம் ஆச்சு!"

கோச் தோளைத் தாழ்த்தினார், நழுவினார், திரும்பினார். மூன்று பதக்கம் வாங்கிய அந்த இடது கை கிளம்பியது. திருடன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தொம்மென்று மெத்தை தரையில் விழுந்தது. குத்து பட்டதை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம் என்று பேசிக்கொண்டார்கள்.

"யோவ், எந்திரிய்யா! கண்ணைக் குத்து! காலை வாரு!" மாஸ்டர் கத்தினார். மெத்தை அசையவில்லை. "மேடம், பத்து வரைக்கும் எண்ணுங்க. எந்திரிச்சிடுவான்!"

"நடுவரே கிடையாதுன்னீங்களே" என்று மேலாளர் அம்மா சாவிக்கொத்தை எடுத்தார். "ஹால் கோச்சுக்கு."

சிறுமிகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. மாஸ்டர் கறுப்புச் சட்டையை மடித்து மடித்துப் பார்த்தார். பதினோரு பையில் எதிலும் அது நுழையவில்லை.

வீட்டுக்கு வந்த திருடன் குளித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி சோபாவில் சாய்ந்து, அடுத்த பொய்யை யோசித்தார். கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்து விளக்கைப் போட்டார்.

"என்னங்க, இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து சீக்கிரமா?"

"ஆட்குறைப்பும்மா. என்னை நிறுத்திட்டாங்க."

"அடப்பாவமே." பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். "போன வாரம் இந்தக் கொக்கிக்கு நூல் சுத்திக் குடுத்தீங்கல்ல? மறுபடி நெகிழுது."

அவர் தலை நிமிரவில்லை. நூலை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

"சங்கிலி அறுந்துடுமேன்னு அதைப் பத்திரமா ஒதுக்கிட்டுக் கழுத்தைப் பிடிக்கிற திருடனை இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார் கோச். "அதனாலதான் என் குத்தை ஒரு சாண் முன்னாடியே நிறுத்திட்டேன். நீங்க எதுக்குங்க விழுந்தீங்க?"