பெட்டிக்குள் போகாத தோல்

கதவைத் திறந்து போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டாள்.



மேலாளர் நீலமேகம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தாலே நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர். இன்றோடு வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் அவள் உள்ளே வந்திருந்தாள்.

சோதனைக்கூடத்தின் குளிர்பெட்டி அவள் பொறுப்பு. அதில் இருப்பது மனிதத் தோல். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்தது, உரியவர்கள் சம்மதித்துக் கொடுத்தது. அதன் மேல் பூச்சிமருந்தை விட்டு, அடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

போன வாரம் ஒரு நாள் பெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டாள். இரவெல்லாம் தோல் இளகிக் கிடந்தது. காலையில் வந்து அழுத்திச் சாத்தினாள். மறுபடி உறைந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

இளகி உறைந்த தோல் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் காவல் போய்விடும். விடக் கூடாததையும் உள்ளே விடும்.

விட்டது.

கம்பெனியின் புது மருந்து அடிவரை இறங்கியது. அதை வயலில் அடித்துப் பார்க்கும் வேலையை அன்றே நிறுத்தினார்கள்.

அந்த வயலில் மருந்து அடிப்பவன் அவள் தம்பி இசக்கி. வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். முதுகில் மாட்டும் டேங்க் ஒழுகி, சட்டை நனைந்து வருவான். கொஞ்ச நாளாகச் சோற்றைப் பிசையும்போது கை நடுங்குகிறது. கேட்டால் வெயில் என்கிறான்.

வேலை நின்றதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி வீட்டில் கிடந்து புலம்பினான். புலம்பட்டும், ஆளாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் மறைத்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

யோசித்துப் பார்த்தாள். கெட்டுப்போன தோல் போக, இன்னொரு துண்டும் அந்தச் சோதனையில் இருந்தது. அன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தது. பெட்டிக்குள்ளேயே போகாதது. அதிலும் மருந்து அதே அளவு இறங்கியிருந்தது.

கோளாறு மருந்தில்தான் என்று காட்ட அந்த ஒன்று போதும். தன் தப்பைச் சொன்னாலும் தம்பிக்கு ஆபத்தில்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்தாள்.

நீலமேகம் திட்டவில்லை.

"உக்காரும்மா" என்றார்.

அந்த அறையில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. டீ வரவழைத்தார். பிறகு மேலே யாருக்கோ போன் போட்டார்.

"சார், தோல் கெட்டுப்போனதுதான் சார். ஆமா, நம்ம பொண்ணே ஒத்துக்குச்சு. எல்லாம் ஃப்ரீசர் கோளாறு. மருந்துல ஒண்ணுமில்ல."



அவர் போனை வைத்ததும் மெல்லச் சொன்னாள்.

"சார், ஒரு துண்டு பெட்டிக்குள்ளயே போகல சார். அன்னைக்குக் காலைல வந்தது."

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"எல்லாமே பெட்டியில இருந்ததுதாம்மா. கதவைத் திறந்து போட்டது நீ. அத்தோட விட்டேனேன்னு சந்தோஷப்படு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இனி அவள் பேச்சை யார் நம்புவார்கள்? கெடுத்தவளும் அவள், மறைத்தவளும் அவள். அழுகை முட்டியது. அவர் முன்னால் அழக் கூடாது என்று டீயை எடுத்துக் குடித்தாள்.

நல்ல டீ.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது இசக்கி கூப்பிட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"எக்கா, நாளைலருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாவ. மருந்துல ஒண்ணுமில்லன்னு நீயே சொல்லிட்டியாம்ல."

"போவாதல" என்றாள். "நாஞ் சொல்லுதக் கேளு."

"நீ சொன்னதக் கேட்டுத்தானக்கா போறோம். பயந்து நின்ன பயலுவளும் வாரானுவ."

அவனுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நிறையப் பேர் இருந்தார்கள்.