மடையான்

வடுவூர் ஏரியில் காலை வெயில் சிறகுகளோடு சேர்ந்து மினுங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து இளஞ்செழியனின் தம்பி வாங்கிவந்த பைனாகுலர் வானதியின் கழுத்தில் தொங்குகிறது. சித்தப்பா தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அப்பா இளஞ்செழியனிடம் இதுவரை ஒரு கொக்கின் பெயரைக்கூட அவள் கேட்டதில்லை. இளஞ்செழியன் கையில் கடலைப் பொட்டலம் கசங்குகிறது. கோரைக்கு நடுவே பழுப்பாய் ஒன்று குந்தியிருக்கிறது. அதன் இங்கிலீஷ் பேருக்காகத் தம்பி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறான். தினமும் இளஞ்செழியனின் வயலில் இறங்குகிற பறவைதான். "மடையான்" என்கிறான் இளஞ்செழியன், சற்று உரக்கவே. வானதி வெடுக்கென்று திரும்புகிறாள். "சித்தப்பாவ ஏம்ப்பா திட்டுறீங்க?" தம்பி சிரிக்கிறான். "அந்தப் பறவையோட பேரே அதான் கண்ணு. வேணும்னா அப்பாவக் கேளு." "அப்படியாப்பா?" பழுப்புப் பறவை வெள்ளைச் சிறகை விரித்து எழும்புகிறது. ஆமாம் என்று சொல்ல இளஞ்செழியனுக்கு வாய் வரவில்லை.