தானாக மறைந்த பெயர்

வரைபடம் தெரிந்த பெரிய திரையில் நோலின் வந்து விரலை வைத்த நேரம் பார்த்து, அவள் அப்பாவின் பெயர் மறைந்தது.

பின்னால் பெருந்தீ பரவாமலிருக்க, புல் முழுக்கக் காய்வதற்குள் எங்கெங்கே தீ வைத்து எரித்துவிடலாம் என்று வனக்காவலர்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலை. அவர்களில் நோலினும் வரைபடம் போடுகிற நானும் தவிர மற்றவர்கள் டீ எடுக்கப் போயிருந்தார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு சுனைக்கும் பக்கத்தில் அதற்கு வழிவழியாக உரியவரின் பெயர் இருக்கும்.

"பாரு, உன் கம்ப்யூட்டர் எங்கப்பாவைத் தொலைச்சிடுச்சு. டார்வின் டவுன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மனுஷனைக்கூட விடமாட்டேங்குது," என்று சிரித்தாள்.

அது கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெயர் தானாக மறையும் ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான்.

இறந்தவரின் பெயரை இந்தப் பழங்குடி ஊரில் சொல்லக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் ஒவ்வொரு வரைபடமாகத் தேடித் தேடி அழிப்பேன். எங்காவது ஒன்று தப்பிவிடும். அதைப் பார்த்து ஒரு வீடே கலங்கிப்போகும். அதனால் பெயர்களை ஆட்களின் பதிவேட்டோடு இணைத்தேன். நகரத்து அலுவலகத்தில் ஒருவர் 'காலமானார்' என்று குறித்தால் போதும், எல்லா வரைபடங்களிலும் பெயர் தானாகப் போய்விடும்.

பெருமையாகத்தான் இருந்தது. செய்தி வீட்டுக்கு வருமுன் பதிவேட்டுக்கு வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடச்சி.

சாவைச் சொல்ல உரிமையுள்ளவர் அவள் தாய்மாமன். அவர் வாயால்தான் அவள் கேட்க வேண்டும்; வேறு யார் முந்தினாலும் அது குற்றம். வெளியாளான என்னை அவள் பன்னிரண்டு வருடமாகத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் என் மூலமாகத் தெரியக் கூடாது.

"லைன் சரியில்லை," என்று முணுமுணுத்துவிட்டு, சுனைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை நானே தட்டினேன். இறந்தவரின் பெயரை, எழுத்து எழுத்தாக.

நோலின் என் விரல்களையே பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுவாத்தானே எழுதும்? நீ எதுக்கு எழுதுற?"

நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"அழிச்சிடு, தங்கச்சி," என்றாள்.

அழித்தேன்.

அவள் அழவில்லை. டீயோடு வந்தவர்களிடம் காற்று எந்தப் பக்கம், யார் எந்த வண்டியில் என்றெல்லாம் விவரம் சொன்னாள். அப்பாவின் சுனைக்கு வெள்ளிக்கிழமை போகலாம் என்றுகூடச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் தாய்மாமன் வந்தார். எல்லோரையும் வெளியே மண்ணில் உட்காரவைத்து, பெயரைச் சொல்லாமல் செய்தியைச் சொன்னார்.

நோலின் அப்போதுதான் கேட்கிறவளைப் போல அலறிக்கொண்டு விழுந்தாள். அந்த அழுகை காலையிலிருந்து அவளுக்குள் காத்திருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அழுகை ஓய்ந்ததும் தாய்மாமன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி யாராச்சும் இதைச் சொன்னாங்களா?"

மண் அப்பிய முகத்தை நிமிர்த்தி, இல்லை என்று முதலில் தலையாட்டியவள் நோலின்.