ஸ்பகெட்டிக்குக் கப்புச்சினோ

"கையை விடு சில்வானோ. யாராவது பாத்தா என் மானம் போயிடும்" என்றாள் நெரீனா.

சில்வானோ விடவில்லை. த்ரேவி நீரூற்றைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பதை அவர் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டார்.

"இங்க யாரு வரப்போறா? நம்ம பேட்டைக்காரங்க இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டாங்க. அதுக்குத்தானே இடம் பாத்துக் கூட்டிட்டு வந்தேன்."

அது உண்மைதான். ரோமிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நீரூற்று சினிமாவில் பார்க்கிற இடம். அதுவுமில்லாமல் இது ஆகஸ்ட். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலுக்கோ மலைக்கோ கிளம்பிவிடுகிற மாதம். போகாமல் வீட்டில் கிடப்பவர்களைப் பற்றிக் குளிர்காலம் முடியும்வரை மாடிப்படியில் பேசுவார்கள். ஆகவே நெரீனா குடியிருக்கும் கட்டடத்தில் இப்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வாட்ச்மேனையும் நாலு பூனைகளையும் தவிர யாரும் இருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. வயது ஐம்பத்து நாலு. தலையில் அகலமான தொப்பி, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. சில்வானோவின் வேஷம் அதற்கும் மேல். அரைக்கால் சட்டை, செருப்புக்குள் வெள்ளை சாக்ஸ், கழுத்தில் கேமரா. பெற்ற தாயே எதிரில் வந்தாலும் யாரோ ஜெர்மன்காரன் என்று ஒதுங்கிப் போயிருப்பாள்.

"காலையிலேர்ந்து நல்லாத்தானே போச்சு? கோபுரம் ஏறினோம். ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டே. நீ இப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சு!"

"சிரிச்சேன். அதான் பயமா இருக்கு. மூணாவது மாடி பல்மீரா அம்மா காதுல மட்டும் விழுந்துதுன்னு வை, அப்புறம் நான் அந்தப் படியில தலைநிமிந்து ஏற முடியாது. வீட்டையே காலி பண்ணிட்டுத்தான் போகணும்."

பயமும் சந்தோஷமும் சேர்ந்து அவள் முகம் சிவந்திருந்தது. சில்வானோவுக்கு அது மிகவும் பிடித்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தார்கள். மெனுவில் சாப்பாட்டுக்குப் படம் போட்டிருக்கும் உணவகம். எட்டு மணிக்கு முன்னால் இரவுச் சாப்பாட்டைத் தொடும் ரோம்காரன் இன்னும் பிறக்கவில்லை. சில்வானோ வாயைத் திறக்காமல் படத்தில் விரலை வைத்தார். பேசினால் எந்தப் பேட்டை என்பதுவரை தெரிந்துவிடும். இரண்டு ஸ்பகெட்டி. விரல் கொஞ்சம் தயங்கி, பிறகு இரண்டு கப்புச்சினோவின் மேலும் போய் நின்றது.

பரிமாறுபவர் போனதும் நெரீனா பதறினாள். "ஸ்பகெட்டிக்குக் கப்புச்சினோவா? ஐயோ, என்னால முடியாது சில்வானோ. எங்க அப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு."

"குடி. பால் காபி காலையோட சரி. சாப்பாட்டோட குடிக்கிறவளை உள்ளூர்க்காரின்னு எவனாவது சொல்லுவானா?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் ஸ்பகெட்டி தின்று ஒரு மடக்குக் காபி குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அப்போதுதான் எதிரே கூரையில்லாத சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் ஒரு பருத்த அம்மாள், இடது காலைக் கொஞ்சம் வீசி வீசி நடந்து, நேராக உணவகத்தை நோக்கி வந்தாள். நெரீனாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"திரும்பாத."

"யாரு?"

"மூணாவது மாடி."

சில்வானோ மெனுவைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு தலைகளும் அதன் பின்னால் போயின. காலடிச் சத்தம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்து நின்றது. ஒரு விரல் மெனுவின் மேல்விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கியது.

பல்மீரா அம்மாள் முதலில் சாக்ஸைப் பார்த்தாள். பிறகு கேமராவை. பிறகு ஸ்பகெட்டியின் பக்கத்தில் இருந்த இரண்டு கோப்பைகளை வெகுநேரம் பார்த்தாள்.

நெரீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "பல்மீரா அம்மா, உங்க கால்ல வேணா விழறேன். கட்டடத்துல யாருக்கும் சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முறை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் ஓலைத் தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டாள். வெயிலே படாத வெள்ளைக் கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசும்மா. நான் சார்டீனியாத் தீவுல கடல்ல குளிச்சுக்கிட்டிருக்கேன், சனிக்கிழமைதான் திரும்பி வர்றேன். புருஷனும் பொண்டாட்டியுமா நீங்க எங்க இருக்கீங்க?"

சில்வானோ மீசையில் ஒட்டியிருந்த பால் நுரையைத் துடைத்தார்.

"பாரிஸ்ல."