ஃபால் தின்றவனுக்கே பெண்

"நல்லாப் பார்த்துக்க தம்பி. இந்தத் தெருவுல முதல்ல சொல்ற விலைக்கு உள்ள போறவன் மடையன்" என்றார் லென்.

ரோவன் தலையை ஆட்டினான். விலை எதுவும் அவன் காதில் ஏறவில்லை. எந்தக் கடையிலும் பேரம் படியாமல் இப்படியே வீடு திரும்பிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சனிக்கிழமை சாயங்காலம். லண்டன் பிரிக் லேன் நெடுக இந்தியச் சாப்பாட்டுக் கடைகள். வாசலுக்கு ஒரு வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர் மெனு அட்டையும் கையுமாக வழிமறித்தார்.

"வாங்க பாஸ், இருபது சதவீதம் தள்ளுபடி!"

"இருபதா? பிச்சை போடறியா?"

"சரி, இருபத்தஞ்சு. ஒரு பீர் இலவசம்."

"ரெண்டு பேர் வந்திருக்கோம், ஒரு பீரா? ஒரே கிளாஸ்ல ரெண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்க நாங்க என்ன காதலர்களா? போய்யா!"

லென், ரோம்ஃபோர்டு சந்தையில் பதினாலு வயதில் பெட்டி தூக்க ஆரம்பித்தவர். இன்று மூன்று திரைச்சீலைக் கடைகளுக்கு முதலாளி. கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

அவர் மகள் ஜெம்மாவைக் கட்ட நினைப்பவனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவரோடு தனியாக இந்தத் தெருவுக்கு வந்து, ஒரு தட்டு ஃபால் கறியை மிச்சம் வைக்காமல் தின்று காட்ட வேண்டும்.

ஃபால் என்றால் காரத்தில் விண்டாலுவுக்கே அப்பன். ரோவனுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாலாவது வாயிலேயே அழுதுவிட்டான். இன்னொருவன் கழிப்பறைக்குப் போனவன், அப்படியே பஸ் ஏறிவிட்டான். இருவரையும் லென் அப்புறம் வாசற்படி ஏற விடவில்லை.

ரோவனுக்கோ வயிற்றில் புண். ஏப்ரலில் ரத்தமாக வாந்தி எடுத்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இன்னொரு தடவை ரத்தம் வந்தா ஆபரேஷன்தான். காரத்தைக் கண்ணாலகூடப் பார்க்காதீங்க" என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடேன்" என்று ஜெம்மா நேற்று வரை கெஞ்சினாள்.

"சொன்னா, 'இந்தச் சொத்தைக்கா என் பொண்ணு'ம்பார். நான் பார்த்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று இப்போதுதான் தெரியவில்லை.

நாலாவது கடை, ஷாப்லா மஹால். முப்பது சதவீதத் தள்ளுபடி, ரெண்டு பீர், அப்பளம் சும்மா. "அப்படி வா வழிக்கு!" என்று லென் உள்ளே நுழைந்தார். ரோவன் பின்னாலேயே போனான்.

"எனக்கு ஃபால், தம்பிக்கும் ஃபால்" என்றார் உட்காரும்போதே.

"இல்ல சார், நான்... தேங்காய்ப்பால் ஊத்தின கோர்மா ஏதாவது..."

"கோர்மாவா? பல்லு முளைக்காததுங்க திங்கிறதுடா அது! பாய், உள்ள தொட்டில் இருந்தா இவனுக்கு ஒண்ணு கொண்டா!"

முக்தார் என்ற அந்த நரைமீசை வெயிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்ல ஃபால்னு ஒரு கறியே கிடையாது சார். உங்காளுங்க வீம்புக்குன்னு நாங்க இங்க வந்து ஆக்கினது. எங்கம்மா பார்த்தா கரண்டியாலேயே அடிப்பாங்க."

சிரித்துக்கொண்டே ஒரு தாளை ரோவன் முன்னால் வைத்தார். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார். எது நடந்தாலும் கடை பொறுப்பில்ல."

ஆளைப் பலி கொடுக்கும்போது இப்படி ஒரு சிரிப்பா? ரோவன் பேனாவை வாங்கினான். கோணல்மாணலாகக் கிறுக்கினான்.

சமையல்கட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான். ஏப்ரலில் குளியலறைத் தரையில் கிடந்தது ஞாபகம் வந்தது. செல்போன் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"என்ன, தட்டு வரதுக்கு முன்னாடியே வேர்க்குது?"

"கொஞ்சம் புழுக்கமா இருக்கு சார்."

"ம். எழுந்து போறதுன்னா இப்பவே போயிடு. பாதியில போனா எனக்குப் பிடிக்காது."

"போகலை சார்."

தட்டுகள் வந்தன. ரத்தச் சிவப்பில் கறி, ஆவி பறந்தது.

லென் ஒரு வாய் வைத்தார். "ஹா!" என்று மேஜையைக் குத்தினார். "நெருப்பு! சுத்த நெருப்பு! ஆம்பளை திங்கிற சாப்பாடுடா இது. எங்கே, நீ ஆரம்பி."

ரோவன் கண்ணை மூடிக்கொண்டான். ஜெம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு கரண்டியை வாயில் வைத்து விழுங்கினான். மூச்சைப் பிடித்தபடி காத்திருந்தான்.

எரியவில்லை.

இன்னொரு வாய். தக்காளி. நிறத்துக்குப் பீட்ரூட். இலேசாகத் தித்திப்பு. மருந்துக்குக்கூட மிளகாய் இல்லை!

திகைத்து நிமிர்ந்தான். முக்தார் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோவனுக்குச் சட்டென்று உறைத்தது. "ஹா!" என்று அவனும் மேஜையைக் குத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தட்டை நான் ரொட்டியால் வழித்துத் தின்று முடித்தான்.

"தின்னுட்டான்! எல்லாரும் பார்த்துக்கங்க, மிச்சம் வைக்காம தின்னுட்டான் என் மாப்பிள்ளை!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்திய லென், தள்ளுபடி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று சண்டை பிடிக்கக் கல்லாவுக்குப் போனார்.

ரோவன் எட்டி முக்தாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "பாய், என் உயிரைக் காப்பாத்திட்டீங்க. ஆனா அவருக்கு மட்டும் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரே!"

முக்தார் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"நான் எங்க சார் காப்பாத்தினேன்? மத்தியானமே அவர் போன் பண்ணிட்டார். 'பையனுக்கு வயித்துல புண்ணுன்னு என் பொண்ணு சொல்றா. இருபது வருஷமா எனக்கு வைக்கிறதையே அவனுக்கும் வை'ன்னு!"